சதிக்கு எத்தனை வாசல்? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. களியக்காவிளை தொடங்கி வாளையாறு வரை, எல்லையோர ஊர்களிலிருந்தே பெரும்பாலானவை வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலர் ஒரே பொருளைத் தொட்டிருப்பதால், இந்த மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, மாய உலகக் கதையாட்டத்தில் ஒரு சதியை அமைப்பது எப்படி என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எல்லாருடைய பெயர்களையும் விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதையாட்டத்தை ஆடுகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். அரசனைக் கொன்றுவிட்டு, அவனுடைய உருவத்தை எடுக்கக்கூடிய ஓர் உருமாறியை அரியணையில் அமர்த்திய அமைச்சர்களின் சதிதான் எங்கள் கேம்பெயினின், அதாவது மாதக்கணக்கில் நீளும் எங்கள் தொடர்கதையின் அடிப்படை. எட்டு மாதமாக நடத்துகிறேன். நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு இன்றுவரை ஒரு சந்தேகம்கூட வரவில்லை. போன வாரம் அந்தப் போலி அரசனிடமே பரிசு வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். எங்கே தவறினேன்? – மார்த்தாண்டம்

பதில்: அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. சதிகாரர்கள் யார் யார், எப்படி ஒன்றுசேர்ந்தார்கள், எப்படி எல்லாவற்றையும் மறைத்தார்கள் என்பதையெல்லாம் எழுதியிருப்பீர்கள். அது எங்கே கசிகிறது என்பதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருப்பீர்களா என்பது ஐயமே. துப்பறியும் கதையை எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. துப்பறிபவர் எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்பதை அவரே எழுதிக்கொள்ளலாம். உங்கள் மேசையில் அலமாரியைத் திறக்க வேண்டியவர்கள் உங்கள் நண்பர்கள். அலமாரி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

நான் வசிக்கும் செங்கோட்டையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். விடுதலைக்காக உயிரைக் கொடுத்தவரை விளையாட்டுப் பொருளாக்குவதற்காக அன்று. இரகசிய அமைப்பு ஒன்று எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை எங்கள் ஊர் வாஞ்சிநாதன் சுட்டார். உடனே தம்மையும் சுட்டுக்கொண்டார். சுட்டவர் இறந்துவிட்டபடியால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. செங்கோட்டை வீட்டைச் சோதனையிட்டபோது வேறு கடிதங்கள் கிடைத்தன. அக்கடிதங்களிலிருந்த பெயர்கள் வேறு ஊர்களுக்கு இட்டுச்சென்றன. பிடிபட்டவர்களிலேயே சிலர் அரசுத் தரப்புச் சாட்சியானார்கள். முடிவில் 14 பேர் மீது வழக்கு நடந்தது. உறுதிமொழி எடுத்துக்கொண்டு, உயிரையும் துச்சமாக மதித்தவர்கள் கூடிய அமைப்பு அது. அதிலிருந்தே இவ்வளவு கசிந்திருக்கிறது என்றால், உங்கள் அமைச்சர்கள் எட்டு மாதம் ஒரு துளியும் சிந்தாமல் இருப்பது மாய உலகத்தில்கூட நம்பத்தக்கதாக இல்லை.

ஒரு சதி எப்போதும் ஆள், காசு, கடிதம் ஆகிய மூன்றின் வழியாகவே கசியும் என்பது என் எண்ணம். யாரையாவது நம்பியாக வேண்டும், யாருக்காவது கொடுத்தாக வேண்டும், யாருக்காவது சொல்லியனுப்பியாக வேண்டும். எனவே உங்கள் நாற்பது பக்கத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் ஆட்டக்காரர்கள் கண்டறிந்தே தீர வேண்டிய உண்மைகளை மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொன்ன கதையில் அவை நான்குக்கு மேல் இரா: அரியணையில் இருப்பவன் அரசன் அல்லன், உண்மை அரசன் இறந்துவிட்டான், இதைச் செய்தவர்கள் இன்னார், அடுத்து அவர்கள் செய்யப்போவது இன்னது. ஒவ்வோர் உண்மைக்கும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தடயங்களையாவது வையுங்கள்.

மூன்று என்னும் கணக்கை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்னும் அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் 2008 இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: ஒரு தடயத்தை ஆட்டக்காரர்கள் கவனிக்கத் தவறுவார்கள், இரண்டாவதைப் புறக்கணிப்பார்கள், மூன்றாவதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் எப்படியோ இலக்கை எட்டிவிடுவார்கள் என்பது அதன் சாரம். நம்மவருக்கு இது பழைய செய்திதான். ஒற்றர்களை ஒருவரையொருவர் அறியாதபடி ஆளவேண்டும், மூவர் சொல்லும் ஒத்துவந்தால் அதை நம்பலாம் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். அரசன் ஒற்றரை ஆள்வதற்குச் சொன்னதை நீங்கள் தடயங்களை வைப்பதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

அரசன் அரசன் அல்லன் என்பதற்கு மூன்று தடயம் வேண்டுமா? அரண்மனையில் அரசனுக்கு முடி திருத்தியவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பெருந்தொகையோடு ஓய்வு கொடுக்கப்பட்டு மலையடிவார ஊருக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். அரசனின் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை அறிந்தவர் அவர் ஒருவரே. பட்டத்து யானை, குட்டியாக இருந்தபோதிலிருந்து தனக்குச் சர்க்கரைக் கட்டி கொடுத்து வளர்த்தவனைக் கண்டதும் தும்பிக்கையை நீட்டுவது வழக்கம். ஆறு மாதமாக நீட்டவில்லை, பாகன் அதற்கு மதம் பிடிக்கும் காலம் என்று சமாதானம் சொல்கிறான். அரசன் திங்கள்தோறும் எவருக்கும் தெரியாமல் ஒரு முதிய பெண்மணிக்குப் பணம் அனுப்பிவந்தான். அது நின்றுவிட்டது, அவள் ஏன் என்று கேட்டுத் தலைநகருக்கு நடந்தே வந்திருக்கிறாள். மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் யானையைப் பார்க்கப் போகாவிட்டாலும் கிழவி அவர்கள் தங்கியிருக்கும் சத்திரத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். முதல் தடயம் தானாக நடந்து வந்து அவர்கள் கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் சந்தேகப்பட்ட பிறகுதான் தேடுவார்கள். சந்தேகமே இல்லாதவர்களிடம் தேடும் திறமையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இன்னொன்று. தடயத்தைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். “மேசையைச் சோதிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னதும் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, நான்கு விழுந்தால் “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிடுகிற வழக்கம் உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நான்கோடு உங்கள் சதியின் ஒரு கதவு அடைபட்டுவிடுகிறது. ராபின் லாஸ் வடிவமைத்த ‘கம்ஷூ’ என்னும் ஆட்டமுறையில், சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடியவருக்கு அடிப்படைத் தடயம் பகடையின்றியே கிடைத்துவிடும். உங்கள் ஆட்டத்தின் விதிகளை மாற்றாமலே இதைப் பின்பற்றலாம். தடயம் கிடைப்பது உறுதி. அதைச் சத்தமில்லாமல் எடுத்தார்களா, காவலன் கண்ணில் பட்டார்களா என்பதற்குப் பகடை உருளட்டும்.

கேள்வி: மாயமந்திரம் இருக்கிற உலகத்தில் சதி எப்படி நிற்கும்? எங்கள் குழுவில் இருக்கும் பூசாரிப் பாத்திரம் சந்தேகப்படுகிற எல்லாரையும் உட்காரவைத்து உண்மை பேசவைக்கும் மந்திரத்தைப் போட்டுவிடுகிறார். இறந்தவனிடமும் பேசிவிடுகிறார். அந்த மந்திரங்களையே தடைசெய்துவிடலாமா? – கொழிஞ்சாம்பாறை

பதில்: தடைசெய்யாதீர்கள். ஆட்டக்காரர் தம் பாத்திரத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஆற்றலை, அது உங்கள் கதைக்கு இடைஞ்சல் என்பதற்காகப் பிடுங்குவது, வாடகைக்கு விட்ட வீட்டின் சாவியைத் திரும்பக் கேட்பது போன்றது. மந்திரத்தின் விதியை முழுமையாகப் படித்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, உண்மை பேசவைக்கும் ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரம் 15 அடி ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் 10 நிமிடம் செயல்படும். அதற்குள் இருப்பவர் ‘கரிஸ்மா’ என்னும் ஆளுமைத் திறனுக்கான பகடைச் சோதனையில் தோற்றால் அறிந்தே பொய் சொல்ல முடியாது; ஆனால் தம்மீது மந்திரம் இருப்பது அவருக்குத் தெரியும், பதில் சொல்லாமல் இருக்கலாம், சுற்றி வளைக்கலாம். “அரசனைக் கொன்றது நீயா?” என்று கேட்டால், “நான் அரசருக்கு நஞ்சு கொடுத்ததில்லை” என்று நேரே பார்த்துச் சொல்லலாம், கத்தியால் குத்தியவனுக்கு அது பொய்யன்று. நீதிமன்றக் குறுக்கு விசாரணையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ‘ஸ்பீக் வித் டெட்’ இறந்தவனுக்கு ஐந்து கேள்விகளை மட்டுமே அனுமதிக்கிறது. பிணத்துக்கு வாய் இருந்தாக வேண்டும். உயிரோடிருந்தபோது அறிந்ததைத்தான் அது அறியும். உங்களைப் பகைவராக நினைத்தால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த விதிகள் அந்த நாட்டுச் சதிகாரர்களுக்கும் தெரிந்தவைதானே? ஆகவே தாடை பெயர்க்கப்பட்ட ஒரு பிணம் ஆற்றில் மிதந்து வந்தால், கொன்றவன் மந்திரம் அறிந்தவன் அல்லது அறிந்தவனிடம் கூலி வாங்கியவன் என்று உங்கள் பூசாரி உடனே சொல்லிவிடுவார். மந்திரத்திலிருந்து தப்பச் செய்த ஏற்பாடே தடயமாகிவிடுகிறது.

ஆனாலும் மந்திரத்துக்கு எதிரான சிறந்த அரண் அறியாமைதான். கடிதத்தைக் கொண்டுபோனவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. குதிரையைக் கொடுத்தவனுக்கு யார் ஏறிப்போனார் என்று தெரியாது. பணம் கொடுத்தவனுக்குத் தான் கோயில் திருப்பணிக்குக் கொடுத்ததாகத்தான் தெரியும். இவர்களை வட்டத்துக்குள் நிறுத்திக் கேட்டால் உண்மைதான் வரும், அவரவருக்குத் தெரிந்த அளவுக்கு. உங்கள் பூசாரிக்கு மந்திரம் வீண்போகவில்லை. ஒரு படி ஏறியிருக்கிறார். அடுத்த படிக்கு யாரைக் கேட்பது என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டால் உங்கள் ஆட்டம் நடக்கிறது என்று பொருள்.

மனத்தையே திருத்தும் ஐந்தாம் நிலை மந்திரம் ஒன்றும் உண்டு; பத்து நிமிட நினைவை அழித்து வேறொன்றை எழுதிவிடலாம். அதை ஒரு கேம்பெயினில் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். இரண்டாம் முறை வந்தால், எந்தச் சாட்சியையும் நம்பிப் பயனில்லை என்று ஆட்டக்காரர்கள் முடிவுசெய்து, விசாரிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: சதியில் எத்தனை பேர் இருக்கலாம்? – புளியரை

பதில்: ஆட்டக்காரர்கள் பெயரையும் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடிய அளவு, ஆறு அல்லது ஏழு. அதற்குக் கீழே எத்தனை கூலியாட்கள் இருந்தாலும் அவர்கள் பெயரில்லாதவர்களே. கென்னத் ஹைட் தம்முடைய ‘நைட்ஸ் பிளாக் ஏஜெண்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தில் சதியை ஆறடுக்குப் பிரமிடாக வரையச் சொல்கிறார்: அடியில் தெருச் சண்டியர், உச்சியில் தலைவன், இடையே கோடுகள். அது பல மாதங்கள் நீளும் பெரிய ஆட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு மூன்றடுக்கே தாராளம். ஒவ்வொருவரிடமிருந்தும் மேலே ஒரு கோடாவது போகவேண்டும். கோடு இல்லாதவரை அடித்துவிடுங்கள்.

கேள்வி: திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் நிலப்பிரபுக்கள் செய்த சதியை அப்படியே எங்கள் மாய உலகத்தில் வைத்து ஆடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை சைக்கிளில் போகிற தூரம். உங்கள் கருத்து? – குழித்துறை

பதில்: நல்ல மண்ணில் நிற்கிறீர்கள். ஆனால் ‘அப்படியே’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்த வரலாற்றில் நீங்கள் எடுத்துக்கொள்ளத் தகுந்தது கொலையும் ஒளிவும் அன்று. நெய்யாற்றின்கரையில் மார்த்தாண்ட வர்மா பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பிய கதை எவருக்கும் பிடிக்கும். ஒரு நாள் ஆட்டத்துக்கு அது போதும். கேம்பெயின் முழுவதையும் தாங்கக்கூடியது சதியின் காரணம். மருமக்கள் வழிப்படி அரியணை சகோதரியின் மகனுக்கு உரியது. 1729 இல் ராம வர்மா இறந்தபோது ஆட்சி மருமகனான மார்த்தாண்ட வர்மாவுக்கு வந்தது. ராம வர்மாவின் சொந்த மக்களான தம்பிமார் தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். புதிய அரசன் தங்கள் அதிகாரத்தைக் குறைத்துவிடுவான் என்று அஞ்சிய பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் தந்தையின் சொத்து மகனுக்கு. அந்தப் பக்கம் மாமனின் சொத்து மருமகனுக்கு. இரு முறைகளும் அறிந்த ஒரு நாட்டில் எது நியாயம் என்று கேட்டால் ஒரே பதில் வராது. நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டில் தம்பிமார் கதையும் பாடப்படுகிறது; அதைக் கேட்டவருக்கு அவர்கள் வெறும் துரோகிகளாகத் தோன்ற மாட்டார்கள். வென்றவர் எழுதிய வரலாறு ஒரு பக்கம், ஊர் பாடுகிற பாட்டு மறுபக்கம். உங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டையும் கேட்டபின் யார் பக்கம் நிற்பது என்று தங்களுக்குள்ளே சண்டையிட்டுக்கொள்ள வேண்டும்.

கறுப்பு அங்கியணிந்து, உலகத்தை அழிக்க விரும்பி, பாதாளத்தில் கூடுகிற சதிகாரர்களை நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். உலகம் அழிந்தால் அவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புகிறவன் நடத்துகிற சதிதான் மேசையில் சூடு தரும்.

பெயர்களையும் சாதிகளையும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். அந்த வீடுகளின் பெயரைத் தங்கள் முன்னோரின் பெயராகச் சொல்லிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கலாம். உங்கள் மேசையிலேயே ஒருவர் இருக்கக்கூடும். ‘மருமகன் ஆளும் மேற்கு நாடு’ என்று ஒன்றை நீங்களே படைத்துக்கொண்டால், முடிவையும் உங்கள் ஆட்டக்காரர்கள் மாற்றலாம். உண்மை வரலாற்றை அப்படியே வைத்தால் எல்லாருக்கும் முடிவு தெரியும், சதிக்கு என்ன வேலை? பத்மநாபபுரம் அரண்மனைக்கு மட்டும் ஆட்டக்காரர்களை ஒரு நாள் அழைத்துப் போங்கள். இருக்கும் இடம் தமிழ்நாடு, பராமரிப்பது கேரள அரசு. இதைவிட நல்ல கதைக்கருவை நான் ஒன்றும் தர முடியாது.

கேள்வி: ஆட்டக்காரர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி கடிதம், கணக்குச் சீட்டு போன்றவற்றைத் தயாரித்துக் கொடுக்க ஆசை. ஆனால் நான் எழுதும் இரகசியக் கடிதங்கள் எல்லாம் “நாளை நள்ளிரவு அரசனைக் கொல்வோம்” என்ற மாதிரி அமைந்துவிடுகின்றன. எப்படி எழுதுவது? – குமுளி

பதில்: இக்கேள்வியை அனுப்பியவருக்கு என் தனி நன்றி, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சதிகாரன் எழுதும் கடிதத்தில் சதி இருக்கக்கூடாது. மகள் திருமணம், மிளகு விலை, மழை தாமதம் என்று சாதாரணச் செய்திகள்தாம் இருக்க வேண்டும். காட்டிக்கொடுப்பது செய்தியாக இருக்கக் கூடாது; கடிதம் எழுதப்பட்ட விதமாக இருக்க வேண்டும்.

நம் எல்லையோரத்துப் பழைய ஏற்பாடுகளே இதற்குக் கருவூலம். கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது கி.பி. 825 இல் தொடங்குகிறது. ஆனால் தெற்கே திருவிதாங்கூரில் புத்தாண்டு சிங்க மாதத்தில், அதாவது நம்முடைய ஆவணியில் பிறக்கும். வட மலபாரில் அடுத்த மாதமான கன்னியில் பிறக்கும். ஆகையால் ‘கொல்லம் 1000, சிங்கம் 10’ என்று தெற்கத்தியான் எழுதினால் அது 1824 ஆகஸ்டு. அதே தேதியை வடக்கத்தியான் எழுதினால் அது 1825 ஆகஸ்டு. ஆண்டின் முதல் மாதம் ஒருவனுக்கு, கடைசி மாதம் மற்றவனுக்கு. இப்போது உங்கள் மாய உலகத்தில் இரண்டு நாட்டுக்கும் இப்படிப்பட்ட இரண்டு புத்தாண்டுகளை வைத்துவிட்டு, தென்னாட்டு அரசன் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் ஓர் உடன்படிக்கையை ஆட்டக்காரர்களிடம் கொடுங்கள். தேதியைத் தெற்கத்திக் கணக்கில் படித்தால் அந்த அரசன் அப்போது முடிசூடவே இல்லை. வடக்கத்திக் கணக்கில் படித்தால் எல்லாம் பொருந்துகிறது. எழுதியவன் வடக்கத்தியான். ஒரு சொல்கூடச் சதியைப் பற்றிப் பேசவில்லை.

காசும் அப்படியே. பழைய திருவிதாங்கூரில் சக்கரம் என்னும் காசு 28 சேர்ந்தால் அந்நாட்டின் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஒரு கணக்கேட்டில் 100 ரூபாய் வரவுக்கு எதிரே 2,800 சக்கரம் என்று இருந்தால் பணம் உள்நாட்டுப் பணம். 2,850 என்று இருந்தால் மலைக்கு அப்பாலிருந்து வந்த பணம். அரண்மனைக் காவல் தலைவனுடைய வீட்டுக் கணக்கில் எல்லா வரவும் இருபத்தெட்டாகவும், ஒரே ஒரு வரவு மட்டும் இருபத்தெட்டரையாகவும் இருக்கட்டும். உங்கள் குழுவில் கணக்கு வராதவர்கள் மட்டுமே இருந்தால் ஒரு வட்டிக்கடைக்காரப் பாத்திரத்தை வைத்து அதைப் பார்த்து முகம் சுளிக்கச் செய்யுங்கள்.

தபாலிலும் இதே வாய்ப்பு உண்டு. திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற சொந்தத் தபால் இருந்தது. அது 1951 இல்தான் இந்தியத் தபாலோடு இணைந்தது. எங்கள் ஊரும் 1956 நவம்பர் 1 வரை மலைக்கு மேற்கே இருந்த ஆட்சியோடுதான் இருந்தது. இரண்டு தபால் இருக்கும் நாட்டில் உறையின்மேல் எந்தத் தபாலின் முத்திரை இருக்கிறது என்பதே ஒரு செய்தி. பக்கத்துத் தெருவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தில் மலைக்கு அப்பால் உள்ள முத்திரை இருந்தால், அதைக் கையில் வாங்கிய ஆட்டக்காரர் உறையைத் திருப்பிப் பார்க்கிற அந்தக் கணத்துக்காகத்தான் நாம் இரவெல்லாம் உட்கார்ந்து தேநீர்ச் சாயம் தோய்த்த காகிதத்தைக் காயவைக்கிறோம்.

சங்கேத எழுத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது. ஒருவர் அதை அவிழ்த்துக்கொண்டிருக்க, மற்ற நால்வரும் பஜ்ஜியைத் தின்று தீர்த்துவிடுவார்கள்.

கேள்வி: ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் மட்டும் இரகசியமாகப் பேசி, அவரையே சதிகாரர்களின் ஆளாக வைத்துக்கொள்ளலாமா? – கூடலூர்

பதில்: எனக்கு இதில் உடன்பாடு குறைவு. ஒரே நாளில் ஆடி முடிக்கிற ஆட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். 1984 இல் வந்த ‘பாரனாய்யா’ போன்ற ஆட்டங்கள் அந்த ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் வேடிக்கைக்காகவே அமைந்தவை. மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்தில், ஒரு நண்பர் ஆறு மாதம் தங்களிடம் பொய் சொன்னார் என்று தெரியவரும்போது, பாத்திரத்தின் மேல் வரவேண்டிய கோபம் ஆளின் மேல் வந்துவிடுகிறது. செய்தே தீரவேண்டுமானால், “இந்த ஆட்டத்தில் நம்மில் ஒருவருக்கு இரகசியம் இருக்கலாம், எல்லாருக்கும் சம்மதமா?” என்று முதல் நாளே பொதுவில் கேட்டுவிடுங்கள். ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஆட்டக்காரர்கள் நேசிக்கிற ஒரு துணைப்பாத்திரத்தை, எடுத்துக்காட்டாக அவர்களுக்கு வாரந்தோறும் கஞ்சி ஊற்றுகிற சத்திரத்து அம்மையாரை, கடன் தொல்லையால் சிறு செய்திகளை விற்கிறவராக்குங்கள். அவரைத் தண்டிப்பதா, கடனை அடைப்பதா என்று அவர்கள் பேசட்டும்.

கேள்வி: என் நிலைமை மார்த்தாண்டத்து நண்பருக்கு நேர்மாறானது. எல்லையில் அரிசி கடத்தும் ஒரு கும்பலுக்குப் பின்னால் படைத்தளபதியே இருக்கிறார் என்பதை, ஆறு மாதத்துக்கென்று திட்டமிட்டிருந்ததை, இரண்டாம் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவசரத்தில், “இல்லை, தளபதி நல்லவர்” என்று சொல்லிக் குற்றவாளியை மாற்றிவிட்டேன். இப்போது அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது போலத் தெரிகிறது. – வாளையாறு

பதில்: குறையத்தான் செய்யும். சரியாகச் சிந்தித்தவர்களுக்குத் தவறு என்று மதிப்பெண் போட்டுவிட்டீர்கள். அவர்கள் உங்கள் கைந்நடுக்கத்தைப் பார்த்திருப்பார்கள்; இனி எந்தத் தடயத்தையும் நம்ப மாட்டார்கள். மேசையில் ஒருமுறை காட்டிய தடயம் என்ன பொருள் தந்ததோ அது உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதை நான் மீறுவதில்லை. இன்னும் சொல்லாதவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள்; ஆட்டக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் ஊகம் உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; சொன்னதை மட்டும் மாற்றாதீர்கள்.

தளபதிதான் என்று தெரிந்துவிட்டதால் ஆட்டம் முடிந்துவிட்டதாக ஏன் நினைத்தீர்கள்? அறிவது ஒன்று, நிறுவுவது ஒன்று, தடுப்பது ஒன்று. படையும் சாவடியும் தளபதியின் கையில். இரண்டு வாரம் முன்பு ஊருக்குள் வந்த நான்கு நாடோடிகள் சொல்வதை யார் கேட்பார்கள்? அரசவையில் போய்ச் சொன்னால், கடத்தல் அரிசியால் மேற்கே விலை குறைந்திருப்பதில் மகிழ்ந்திருக்கும் பாதிப் பேர் அதை விரும்ப மாட்டார்கள்.

இங்கே உங்களுக்குத் தேவைப்படுவது நாள்காட்டி. யாரும் குறுக்கிடாவிட்டால் தளபதி என்ன செய்வார் என்பதை ஆறு படிகளாக எழுதி, ஒரு வட்டத்தை ஆறு துண்டாக வரைந்து, அவர் ஒரு படி முன்னேறும்போதெல்லாம் ஒரு துண்டை நிழலிடுங்கள். ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ ஆடியவர்கள் இதைக் கடிகாரம் என்று சொல்வார்கள். முதல் துண்டில் புதிய சாவடி முளைக்கிறது. இரண்டில் பழைய சாவடிக்காரர் மாற்றப்படுகிறார். மூன்றில் கணவாயில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. நான்கில் அரிசி வண்டிகளில் அரிசிக்கு அடியில் வேறொன்று வரத் தொடங்குகிறது. மற்ற இரண்டையும் உங்களுக்கே விடுகிறேன். ஒவ்வொரு படியும் தெருவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆட்டக்காரர்கள் வேறு பக்கம் அலைந்துகொண்டிருந்தாலும் தளபதி காத்திருக்க மாட்டார். அவர்கள் ஒரு படியைத் தடுத்தால் நிழலிட்ட ஒரு துண்டை அழித்துவிடுங்கள்.

செய்த தவறுக்கு இப்போதும் பரிகாரம் உண்டு. அடுத்த ஞாயிறு, தளபதியைக் குற்றமற்றவர் என்று காட்டிய அந்தச் சான்று போலியாக உண்டாக்கப்பட்டது என்று தெரியவரட்டும். அதைத் தயாரித்தவன் தளபதியின் எழுத்தன். சம்பளம் மூன்று மாதமாக நிலுவை. சாவடிக்கு எதிர்ப்புறக் கடையில் உட்கார்ந்து, கடனுக்குக் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கிறான்.